பள்ளியில் தண்ணீர்ப் பாடம்: எந்த வழியைப் பிடிப்பது?

தண்ணீரையும் சமூகத்தையும் சேர்த்து உருப்படியாக ஒரு பாடம் நடத்த வேண்டும் என்று ஒரு பள்ளி முடிவெடுத்துவிட்டால், அடுத்த ஆசிரியர் கூட்டத்திலேயே ஐந்தாறு யோசனைகள் மேசைக்கு வந்துவிடும். ஒருவர் போஸ்டர் போட்டி என்பார். இன்னொருவர் இருக்கிற பாடங்களிலேயே அங்கங்கே கொஞ்சம் சேர்த்துவிடலாம் என்பார். அறிவியல் ஆசிரியர் ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்க ஒரு கிட் கேட்பார், சமூக அறிவியல் ஆசிரியர் ஆற்றுப் பங்கீட்டு வழக்கு ஒன்றைப் பிள்ளைகளை வைத்தே நடத்திப் பார்க்கலாம் என்பார், கடைசி வரிசையிலிருந்து ஒருவர், நம் பள்ளி ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் செலவழிக்கிறது என்று யாருக்காவது தெரியுமா என்று மெதுவாகக் கேட்பார். எல்லாமே நல்ல யோசனைகள்தான், எல்லாவற்றுக்கும் நேரம் கிடையாது. என் ஓட்டு அந்தக் கடைசி வரிசைக்காரருக்கு. ஆனால் மற்றவற்றைத் தள்ளிவிடவும் முடியாது, ஏன் என்று பார்க்கலாம்.

முதலில், இப்போது என்ன நடக்கிறது? பெரும்பாலும் தண்ணீர் இரண்டே வடிவத்தில் வகுப்புக்குள் வருகிறது. ஒன்று நீர்ச்சுழற்சிப் படம்: கடல், ஆவி, மேகம், மழை, ஆறு, மறுபடி கடல். இன்னொன்று, தண்ணீரைச் சேமிப்போம் என்ற அறிவுரை. படத்தில் மனிதர்களே இருப்பதில்லை. 2019-இல் நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, பல நாடுகளில் புழங்கும் 464 நீர்ச்சுழற்சிப் படங்களை எடுத்துப் பார்த்தது. மனிதர்கள் தண்ணீரை என்ன செய்கிறார்கள் என்று ஏதாவது ஒரு வகையிலாவது காட்டியவை அவற்றில் சுமார் 15 சதவீதம்தான். வகுப்பறைகளில் அதிகம் பயன்படும் படங்களில் ஒன்றை வைத்திருந்த அமெரிக்கப் புவியியல் ஆய்வு அமைப்பு, வயலும் நகரமும் நீர்த்தேக்கமும் உள்ள புதிய படத்தை 2022-இல்தான் வெளியிட்டது. அதுவரை அந்தப் படத்தில் மழை பெய்தது, ஆறு ஓடியது, யாரும் குடிக்கவில்லை.

அறிவுரையின் சிக்கல் வேறு மாதிரி. பல் தேய்க்கும்போது குழாயை மூடு என்பதில் தவறே இல்லை. ஆனால் உலகம் முழுக்க ஆறு, ஏரி, நிலத்தடியிலிருந்து எடுக்கப்படும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது, சுமார் 20 சதவீதம் தொழிலுக்கு, வீடுகளுக்கும் நகராட்சிகளுக்கும் மிச்சமிருக்கும் பத்துச் சொச்சம். இதைச் சொல்லாமல் குழாயை மட்டும் காட்டினால், தட்டுப்பாடு வருவதே தன்னைப் போன்ற கவனக்குறைவான பிள்ளைகளால்தான் என்று ஒரு குழந்தை நம்பிவிடும். இயற்கைக்கும் தன் கைக்கும் நடுவில் உள்ள அத்தனையும் விட்டுப்போகிறது: அணையை எங்கே கட்டுவது என்று யார் சொன்னது, பைப் முதலில் எந்தத் தெருவுக்கு வந்தது, கட்டணத்தை யார் நிர்ணயிக்கிறார்கள், சாக்கடை யார் வாசலில் போய் முடிகிறது. தண்ணீர் வசதி இல்லாத வீடுகளில் பத்துக்கு ஏழில் சுமந்து வருவது பெண்களும் சிறுமிகளும்தான் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2023-இல் சொன்னது. எத்தனை பாடப்புத்தகங்களில் இது தண்ணீர்ப் பாடத்துக்குள் வருகிறது?

ஆகவே எந்த வழியையும் நான் இரண்டு கேள்விகளால் அளக்கிறேன். பாடம் முடிந்த பிறகு, இதை யார் முடிவு செய்தது என்று மாணவர் கேட்கிறாரா? ஆர்வத்தோடு ஆரம்பித்த ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போய்விட்டாலும் பாடம் தொடருமா? பணம், நேரம், வயது இதெல்லாம் அப்புறம்.

சிறப்பு நாள், போஸ்டர், ஊர்வலம்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், 1993 முதல் கொண்டாடப்படுகிறது. செலவில்லை, எல்லா வகுப்பும் கலந்துகொள்ளலாம், பெற்றோர் வருவார்கள், படம் எடுக்கலாம். என் முதல் கேள்விக்கு இதில் பதில் கிடையாது. நூறு போஸ்டரில் தொண்ணூறு பேர் ஒரு சொட்டையும் உலக உருண்டையையும்தான் வரைந்திருப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வேறு எதுவும் சொல்லித்தரப்படவில்லை. ஆண்டு முழுவதும் செய்த வேலையைக் காட்டுவதற்கு நல்ல நாள், அந்த வேலைக்குப் பதிலாக வைத்துக்கொள்ள மோசமான நாள்.

எல்லாப் பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சம்

நிர்வாகத்துக்கு மிகவும் பிடித்த வழி இது, டைம்டேபிளில் ஒரு பீரியட் கூட மாறாது. கணக்கில் தொட்டியின் கொள்ளளவு, வேதியியலில் குளோரின், வரலாற்றில் ஆற்றங்கரை நாகரிகம், மொழிப் பாடத்தில் தண்ணீர் வாரியத்துக்கு ஒரு கடிதம். ஆசிரியர் மாறினாலும் பாடத்திட்டத்தில் எழுதியிருப்பது மாறாது, ஆகவே இரண்டாவது கேள்விக்கு மற்ற எல்லாவற்றையும்விட நல்ல பதில் இதனிடம்தான் இருக்கிறது.

முதல் கேள்வியில் சறுக்குகிறது. ஏழு ஆசிரியர்கள் ஆளுக்கொரு துண்டு வைத்திருப்பார்கள், துண்டுகளைச் சேர்த்து வைப்பது யார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். குளோரின் ஏன் கிருமியைக் கொல்கிறது என்பது வேதியியல் வகுப்பில் வந்துவிடும். குளோரின் போட்ட தண்ணீர் ஏன் ஊரின் ஒரு பாதிக்கு மட்டும் வருகிறது என்பது எந்த வகுப்பிலும் வராது, அது யாருடைய பாடமும் இல்லை. எல்லோருக்கும் பொதுவான வேலை என்பதால் ஆண்டு இறுதியில் நேரம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவதும் இதுவே.

இதைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. ஏழு பாடமும் ஒரே ஒரு பொருளைச் சுற்றி வரவேண்டும், உதாரணமாக ஒரு பருத்திச் சட்டை. பருத்தி விளைவதிலிருந்து தைத்து முடிப்பது வரை ஒரு சட்டைக்கு உலகச் சராசரியாக 2,700 லிட்டர் தண்ணீர் என்பது அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. இந்த எண்ணைச் சும்மா அதிர்ச்சிக்காகச் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. மழையில் விளைந்த பருத்தியின் லிட்டரும் பாலைவனத்தில் கால்வாய் வெட்டிப் பாய்ச்சிய பருத்தியின் லிட்டரும் ஒன்றில்லை. மத்திய ஆசியாவின் ஆமு தரியா, சிர் தரியா ஆறுகளை 1960-களிலிருந்து பெருமளவில் பருத்தி வயல்களுக்குத் திருப்பியதால்தான், பரப்பில் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஆரல் கடல் வற்றியது. புவியியல், வரலாறு, கணக்கு, பொருளாதாரம் எல்லாம் அந்த ஒரு சட்டையில் மாட்டிக்கொள்ளும். ஆனால் இப்படித் திட்டமிட ஆசிரியர்கள் உட்கார்ந்து பேச வேண்டும், அந்த நேரத்தைக் கொடுக்காமல் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் பள்ளி உண்மையில் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

ஆற்றங்கரையில் சோதனைக் குழாய்

வெளியே போகிறோம் என்றாலே பிள்ளைகளுக்குக் குஷி. வெப்பநிலை, கலங்கல், அமிலத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் இவற்றை அளந்து அட்டவணை போடுவது நல்ல அறிவியல் பயிற்சி. 1994-இல் அறிவிக்கப்பட்டு 1995-இல் தொடங்கிய குளோப் திட்டம் பல நாட்டுப் பள்ளிகளை இப்படி ஒரே முறையில் அளக்க வைத்து, தரவை ஒரே இடத்தில் சேர்க்கிறது. தன் வகுப்பு எடுத்த எண் வேறொரு கண்டத்து எண்ணோடு ஒரே வரைபடத்தில் வருவதைப் பார்க்கும் பிள்ளைக்கு அறிவியல் மேல் வரும் மதிப்பு வேறு.

சமூகம் என்ற பாதியை இது தானாகத் தருவதில்லை. ஆக்சிஜன் குறைவு என்று நோட்டில் எழுதிவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். ஒரே இடத்தில் அளப்பதை விட்டு, சாக்கடையோ ஆலைக் கழிவோ வந்து சேரும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு இடத்தில் அளந்தால் போதும், கேள்வி தானாக வந்துவிடும். அப்புறம் பாதுகாப்பு, அனுமதி, கூட வர ஆள், இரண்டாவது வருடம் தீர்ந்துபோகும் ரசாயனம். பல பள்ளிகளின் அலமாரியில் காலாவதியான கிட் ஒன்று தூங்கும். அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று கேட்டுவிடாதீர்கள்.

நடந்த கதைகள்

ஒரு உண்மைச் சம்பவத்தை எடுத்து நான்கைந்து பீரியட் அதிலேயே உட்காருவது. கிட் வேண்டாம், பஸ் வேண்டாம், ஒரு நல்ல ஆசிரியரும் கொஞ்சம் காகிதமும் போதும். கதையை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பலரும் எடுப்பது 1854-இல் லண்டன் சோஹோவில் வந்த காலரா. ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை விசாரித்து, பிராட் தெருவின் அடிபம்பைச் சுற்றியே மரணங்கள் குவிந்திருப்பதைக் காட்டினார், செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. வழக்கமாக இங்கேயே கைதட்டிவிட்டுக் கதையை முடிப்பார்கள். முடிக்கக் கூடாது. கைப்பிடியைக் கழற்றும்போதே நோய் தணியத் தொடங்கியிருந்தது, அதை ஸ்நோவே எழுதியிருக்கிறார். அன்றைய அதிகாரிகளில் பலர் அவர் சொன்னதை ஏற்கவில்லை, கெட்ட காற்றில்தான் நோய் வருகிறது என்றே நம்பினார்கள், கைப்பிடியும் பிறகு மறுபடி பொருத்தப்பட்டது. நான்கு வருடம் கழித்து, 1858 கோடையில் தேம்ஸ் ஆறு நாறி, அந்த நாற்றம் ஆற்றங்கரையில் இருந்த நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே வந்தபோதுதான் லண்டனின் பெரிய பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்குப் பணமும் அதிகாரமும் ஒதுக்கப்பட்டன. ஆதாரத்தால் நகராத மேசை நாற்றத்தால் நகர்ந்தது ஏன் என்று ஒரு வகுப்பைக் கேட்டுப் பாருங்கள், மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பதினான்கு வயதுக்கு மேல் என்றால் நான் ஃப்ளின்ட்டை எடுப்பேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள இந்த ஊர் கடனில் இருந்ததால் மாநில அரசு நியமித்த அவசரகால நிர்வாகி ஒருவர் கையில் அதிகாரம் இருந்தது. 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்கக் குடிநீரை ஃப்ளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள், குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய பொருளைச் சேர்க்கவில்லை, பழைய குழாய்களிலிருந்து ஈயம் தண்ணீரில் இறங்கியது. மக்கள் கலங்கிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார்கள், ஒன்றும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அதே 2014 அக்டோபரில், உதிரிபாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று ஊரிலிருந்த கார் எஞ்சின் ஆலை அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டு வேறு இணைப்புக்கு மாறிக்கொண்டது. ஊர் முழுவதும் பழைய நீராதாரத்துக்குத் திரும்பியது 2015 அக்டோபரில், அதுவும் மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை வெளியில் சொன்ன பிறகு. எஞ்சினுக்கும் குழந்தைக்கும் நடுவில் ஒரு வருடம். வேதியியல், உள்ளாட்சி, கடன், யார் பேச்சு எடுபடுகிறது என்பது எல்லாம் ஒரே கதைக்குள் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனும் நல்ல தேர்வு, ஆனால் எளிமைப்படுத்தாமல் நடத்த வேண்டும். கடும் வறட்சியில் நகரத்தின் குழாய்களையே மூட வேண்டிய நாள் நெருங்கியது, 2018 பிப்ரவரியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வந்தது, அந்த நாள் வராமலே தப்பித்தார்கள். மக்கள் கட்டுப்பாடாக இருந்து ஜெயித்தார்கள் என்று மட்டும் சொன்னால் அது மறுபடி போஸ்டர்தான். குழாய் அழுத்தத்தைக் குறைத்தது, விவசாயத்துக்கான ஒதுக்கீட்டை வெட்டியது, விவசாயிகள் தங்கள் அணையிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டது, கடைசியில் மழை வந்தது எல்லாம் சேர்ந்துதான் அந்த முடிவு. தெருக் குழாயில் வரிசை நின்ற குடிசைப் பகுதிகள் நகரத் தண்ணீரில் மிகச் சிறிய பங்கையே முன்பும் எடுத்துக்கொண்டிருந்தன. அவர்களிடமும் ஐம்பது லிட்டர் என்று சொல்வதற்கு என்ன அர்த்தம்?

இந்த வழியின் பலவீனம் தூரம். எங்கோ நடந்தது, யாரோ கெட்டவர்கள், நல்ல வேளை நாம் அங்கே இல்லை என்று மாணவர் புத்தகத்தை மூடிவிடலாம். எப்போதும் அழிவுக் கதையாகவே எடுத்தாலும் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள், ஆகவே ஒன்றாவது வேறு மாதிரி இருக்கட்டும். ஸ்பெயினின் வலென்சியாவில் தேவாலய வாசலில் வியாழக்கிழமை நண்பகலில் கூடும் தண்ணீர் நீதிமன்றம் அதற்குப் பொருத்தம்: எட்டுக் கால்வாய்களின் விவசாயிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வாய்மொழியாகவே விசாரித்து அங்கேயே தீர்ப்பு சொல்கிறார்கள், 2009-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்ந்தது. பொதுவான ஒரு வளத்தை மக்கள் தாங்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று ஆராய்ந்து அதே 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரமின் முனைவர் ஆய்வே கலிஃபோர்னியாவின் நிலத்தடி நீரைப் பற்றியதுதான்.

பேச்சுவார்த்தை நடித்துப் பார்ப்பது

வகுப்பை நான்கைந்து அணியாகப் பிரித்து, ஓர் ஆற்றை அவர்களிடம் கொடுத்து, பங்கு போடச் சொல்வது. சரியாக நடந்தால் இதைப் போல மனதில் நிற்பது வேறில்லை. சரியாக நடப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. பொய்த் தண்ணீரை விட்டுக்கொடுப்பது சுலபம், நாற்பது நிமிடத்தில் எல்லோரும் கைகுலுக்கி உடன்படிக்கை போட்டுவிடுவார்கள், உலகத்தில் ஏன் இத்தனை சண்டை என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டு சாப்பிடப் போவார்கள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு மூடிய உறை வேண்டும், அதில் இதற்குக் கீழே இறங்கினால் உன் பக்கத்து மக்கள் உன்னைப் பதவியில் விடமாட்டார்கள் என்ற எண் இருக்க வேண்டும். எல்லா எண்களையும் கூட்டினால் ஆற்றைவிட அதிகமாக வர வேண்டும்.

உண்மையான கணக்குகளே இதற்குத் தயாராக இருக்கின்றன. 1922-இல் கொலராடோ ஆற்றை ஏழு அமெரிக்க மாநிலங்கள் பங்கு போட்டன, மேல் படுகைக்கும் கீழ்ப் படுகைக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி (ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர்-அடி). அவர்கள் கையில் இருந்தது வழக்கத்தைவிட ஈரமான ஆண்டுகளின் அளவு, ஆகவே இல்லாத தண்ணீரையும் சேர்த்துப் பங்கு போட்டார்கள். அந்த நிலத்தின் பூர்வகுடிகள் மேசையில் இல்லை, ஆறு போய் முடியும் மெக்சிகோவும் இல்லை. மெக்சிகோவுக்கு 15 லட்சம் ஏக்கர்-அடி என்று ஒப்பந்தம் வந்தது 1944-இல். வகுப்பில் இதை இரண்டு பகுதியாக நடத்தலாம்: முதல் நாள் ஈர ஆண்டுக் கணக்கைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், அடுத்த வாரம் உண்மைக் கணக்கைக் கொடுங்கள், முந்தைய வாரம் அழைக்கப்படாதவர்களையும் உள்ளே விடுங்கள். முதல் நாள் கைகுலுக்கியவர்களின் குரல் அன்றைக்கு மாறும்.

நைல் இன்னும் கூர்மையானது. 1959 உடன்படிக்கை ஆண்டுக்கு 84 பில்லியன் கன மீட்டர் என்று வைத்து, 55.5 எகிப்துக்கு, 18.5 சூடானுக்கு, 10 ஆவியாகப் போவதற்கு என்று ஒதுக்கியது. அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி புறப்படும் எத்தியோப்பியா அதில் கையெழுத்திடவே இல்லை. ஆவிக்கு இருந்த பங்கு கூட எத்தியோப்பியாவுக்கு இல்லை என்று யாராவது ஒரு மாணவர் கண்டுபிடித்தால், நீல நைலில் அந்நாடு 2011-இல் பெரிய அணையைக் கட்டத் தொடங்கியது ஏன் என்று விளக்கவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் பகுதியில் இப்போது சூடாக இருக்கும் தண்ணீர்த் தகராறை முதல் விளையாட்டாக எடுக்காதீர்கள். பிள்ளைகள் வீட்டில் கேட்ட வசனங்களை அப்படியே கொண்டுவருவார்கள், வகுப்பில் அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்தால் அவர்கள் பாடு திண்டாட்டம். தூரத்து ஆற்றில் பழகிவிட்டு, அப்புறம் பக்கத்தில் வரலாம்.

பள்ளியின் சொந்தக் கணக்கு

சரி, கடைசி வரிசைக்காரர் சொன்னதுக்கு வருவோம். பள்ளிக்குள் வரும் தண்ணீர், செலவாகும் தண்ணீர், வெளியேறும் தண்ணீர் மூன்றையும் மாணவர்களே கணக்கெடுப்பது. தேவை ஒரு பக்கெட், கடிகாரம், அளவுக் குடுவை, தண்ணீர் மீட்டரைப் பார்க்க அனுமதி.

வார இறுதியில் எல்லோரும் கிளம்பியதும் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள், பள்ளி மறுபடி திறக்கும் காலையில், யாரும் குழாயைத் தொடும் முன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது டேங்க் நிரம்பியிருக்கிறது. எது என்று கண்டுபிடிப்பதே நல்ல துப்பறியும் வேலை. மீட்டர் இல்லாத இடத்தில் டேங்கின் நீள அகலமும் தண்ணீர் இறங்கிய உயரமும் போதும். ஒவ்வொரு குழாயின் கீழும் பக்கெட்டை வைத்து நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று எடுக்கலாம். கழிப்பறைத் தொட்டியில் கொஞ்சம் சாயம் கலந்து, யாரும் ஃப்ளஷ் செய்யாமல் கால் மணி நேரம் விட்டால், கிண்ணத்தில் நிறம் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் ஒரு நாளைக்குச் சுமார் 30 லிட்டரை விடும், வருடத்துக்கு 11,000 லிட்டர் போல. இதைப் புத்தகத்திலிருந்து சொல்லாதீர்கள், ஒரு மணி நேரம் குடுவையை வைத்து அவர்களே கண்டுபிடிக்கட்டும். அப்புறம் அந்த 11,000 லிட்டர் நான்கு சட்டைக்குத்தான் ஆகும் என்று யாராவது சொல்லி, ஒழுகலைச் சரிசெய்வது முக்கியமா இல்லையா என்று சண்டை வரட்டும்.

இதுவரை கணக்கும் அறிவியலும்தான். சமூகம் எங்கே நுழைகிறது என்றால், எண் கையில் வந்த பிறகு. தண்ணீர்க் கட்டணச் சீட்டு யாரிடம் போகிறது, அதை யாராவது படிக்கிறார்களா? கழிப்பறையைச் சுத்தம் செய்பவரிடம் யாராவது பேசியிருக்கிறோமா? அவருக்குத்தான் எந்த நேரத்தில் தண்ணீர் நிற்கும் என்று நன்றாகத் தெரியும். மாதவிடாய் நாட்களில் மாணவிகள் ஏன் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார்கள், கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்கிறதா? இந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது, அந்த நீராதாரத்தை வேறு யாரெல்லாம் பங்கு போடுகிறார்கள்? நம் கழிவுநீர் எங்கே போகிறது? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார், பிள்ளைகள் அவரைத் தேடிப்போய்க் கேட்க வேண்டும். இதை யார் முடிவு செய்தது என்ற கேள்வியை ஆசிரியர் எழுப்ப வேண்டியதே இல்லை.

ஒரு தவறான திருப்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல ஒர்க்‌ஷீட்டுகள் இந்த இடத்தில், உன் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்று எழுதி வரச் சொல்கின்றன. வேண்டாம். வீட்டில் குழாயே இல்லாத பிள்ளை, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கும் பிள்ளை, மூன்று குளியலறை உள்ள பிள்ளை எல்லோரும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். அந்த அட்டவணை கரும்பலகையில் ஏறும்போது சிலர் பொய் எண் எழுதுவார்கள், எழுதுவதில் தவறும் இல்லை. ஏற்றத்தாழ்வைப் பேசத்தான் வேண்டும், ஒரு குழந்தையின் வீட்டைக் காட்சிப்பொருளாக்காமல். ஐ.நா. பொதுச்சபை 2010 ஜூலை 28 அன்று தண்ணீரையும் துப்புரவு வசதியையும் மனித உரிமை என்று அங்கீகரித்தது, ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 லிட்டர் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பள்ளியின் எண்ணை இதன் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள், யார் வீட்டு வாசலையும் தட்ட வேண்டியதில்லை.

இதற்கும் குறைகள் உண்டு. கணக்கெடுத்து, சார்ட் ஒட்டி, அதோடு நின்றுபோவது முதல் குறை. அறிக்கை பதில் சொல்லும் கடமை உள்ள ஒருவரிடம் போய்ச் சேர வேண்டும், அவர் வகுப்புக்கு வந்தோ எழுத்திலோ பதில் தர வேண்டும் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, பள்ளிச் சுவருக்குள்ளேயே எண்ணம் சுருங்கிவிடும். விவசாயம், தொழில், நதி ஒப்பந்தம் எதுவும் மீட்டரில் தெரியாது. மூன்றாவது, நிர்வாகத்துக்குப் பிடிக்காத முடிவுகள் வரலாம்.

எதை எடுப்பது

என் சிபாரிசு இதுதான். பதினொன்று முதல் பதின்மூன்று வயதுக்குப் பள்ளிக் கணக்கெடுப்பு, ஆறு முதல் எட்டு பீரியட், ஓர் அறிவியல் அல்லது கணக்கு ஆசிரியரும் ஒரு சமூக அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து. ஒருவர் மட்டும் நடத்தினால் எண்ணோ பேச்சோ இரண்டில் ஒன்று காணாமல் போகும், ஒருவர் போய்விட்டாலும் இன்னொருவருக்கு வழி தெரியும். சென்ற ஆண்டு எண்களை அடுத்த ஆண்டு வகுப்பிடம் ஒப்படைத்துவிடுங்கள், பழைய எண் இருந்தாலே ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையில் பாடம் தானாக நகரும். பதினான்குக்கு மேல் ஒரே ஒரு சம்பவம், ஆழமாக, அதை ஒட்டி ஒரு பேச்சுவார்த்தை. ஐந்து சம்பவத்தை மேலோட்டமாக ஓட்டுவதில் பயனில்லை. பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் குழாயிலிருந்து டேங்க், டேங்கிலிருந்து பம்ப், பம்பிலிருந்து நீராதாரம் என்று பின்னோக்கி நடந்து போவதே போதும். நீர்ச்சுழற்சிப் படத்தில் நம் பள்ளி எங்கே என்று வரையச் சொன்னால் அன்றைய பாடம் முடிந்தது.

ஆற்றுச் சோதனை, பக்கத்திலேயே ஆறும் ஆர்வமுள்ள அறிவியல் துறையும் இருந்தால் மட்டும். நேரமே ஒதுக்க முடியாத பள்ளி என்றால் சட்டை வழியில் போகலாம், ஆசிரியர்களுக்குத் திட்டமிட ஒரு மதியமாவது கொடுத்துவிட்டு.

மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை. தேர்வில் நீர்ச்சுழற்சியின் நிலைகளை எழுதுக என்றே கேட்டால், மேலே சொன்ன எதையும் பிள்ளைகள் பொருட்படுத்த மாட்டார்கள். ஒரு பக்கக் கட்டணச் சீட்டையோ மீட்டர் எண்களையோ கொடுத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது, எது தெரியவில்லை, அதை யாரிடம் கேட்பாய் என்று மூன்று கேள்வி போதும். மூன்றாவதுக்குத்தான் அதிக மதிப்பெண்.

நிர்வாகம் மீட்டரையும் கட்டணச் சீட்டையும் காட்ட மறுத்தால்? அந்த மறுப்பையே பாடமாக்கிவிடலாமே என்று தோன்றும். பிள்ளைகளை முன்னால் தள்ளிவிட்டு ஆசிரியர் பின்னால் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பக்கெட்டும் கடிகாரமும் வைத்து எடுக்கும் கணக்குக்கு யார் அனுமதியும் பெரிதாகத் தேவைப்படாது, அந்த ஆண்டு அதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி பீரியடுகளில் ஃப்ளின்ட்டை நடத்துங்கள். அடுத்த ஆண்டு டைம்டேபிள் போடும் சமயத்தில், மாணவர்கள் எடுத்த எண்களோடு போய் மறுபடி கேளுங்கள்.